பனி காயட்டும்

கிழக்கு வெளுக்குமுன்பே கெடார் கிராமத்துப் புகையிலைக் கொல்லையில் இலை ஒடிப்பு தொடங்கிவிடும். வெயில் பட்டால் இலை வாடி எடை குறையும் என்பது குத்தகைக்காரர், திண்டிவனத்துக் கோகுலகிருஷ்ணனின் கவலை. பெண்கள் இலையை ஒடித்து, அக்குளில் இடுக்கி, மார்போடு அணைத்து நடப்பார்கள். மாசிப் பனியும் பச்சைச் சாறும் ரவிக்கையைத் தாண்டித் தோலில் பிசுபிசுக்கும். பொழுது ஏறும்போது அவர்கள் உடம்பில் நனையாத ஒரே இடம் நாக்குதான்.

அன்று ரோஜா வரப்பில் குந்தி வாந்தியெடுத்தாள். போன ஆவணியில் கல்யாணமானவள். கொல்லையே குலவையிட்டது. ஒருத்தி மாங்காய்க்கு ஓடினாள். இன்னொருத்தி பிள்ளைக்குப் பெயரே வைத்து முடித்தாள்.

லூர்துமேரி மட்டும் நிமிரவில்லை. பிள்ளைக்காக அவள் வேண்டாத மாதா இல்லை. மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசையைக்கூட விட்டுவைக்கவில்லை. அவள் வயிற்றில் எரிந்த தீயில் விழுப்புரம் ஜங்ஷனுக்கே டீ போட்டிருக்கலாம்.

"ஒரு மாங்கா எதுக்கு? தோப்பையே எழுதி வைங்கடி!"

மறுநாள் அவளுக்கே தலை சுற்றியது. செஞ்சி வரைக்கும் கேட்கும்படி வாந்தியெடுத்தாள்.

"இன்னாடி பாக்கறீங்க? எனக்கும் மாங்கா கொண்டாங்க!" ரோஜாவை அவள் பார்த்த பார்வைக்குக் கிரீடம் ஒன்றுதான் பாக்கி.

அடுத்த நிமிஷம், இலைக்கட்டு சுமந்து வந்த தேவசகாயமும் குந்தி வாந்தியெடுத்தார். பேரன் பேத்தி எடுத்தவர்.

"பெரியப்பா, ஒனக்கு எத்தினியாவது மாசம்?" என்றாள் ரோஜா. சிரிப்பு அடங்குமுன் அவர் சாய்ந்துவிட்டார். முந்தின நாள் வாந்தியெடுத்த ரோஜாவையும் சேர்த்து மூவரையும் ஷேர் ஆட்டோ விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

"பொகையில போடுவீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"வாயில வச்சதே இல்லீங்க."

"வைக்கவே வேணாம். எலையில இருக்கிற நிகோடின் பனித்தண்ணியில கரைஞ்சு தோல் வழியா ரத்தத்துல ஏறுது. ஈரத்துணியோட நிக்க நிக்க ஏறிக்கிட்டே இருக்கும். போட்டுப் பழகினவங்க தாங்குவாங்க, உங்களால முடியாது."

சோதனை முடிந்தது. லூர்துமேரிக்கு ஒன்றுமில்லை. ரோஜாவுக்கு உண்மையிலேயே பிள்ளை. நிகோடின் அதற்கும் போகுமாம்.

திரும்பும் வழியெல்லாம் லூர்துமேரி ரோஜா பக்கம் திரும்பவில்லை. அந்த வயிற்றைக் கழற்றி மாட்டிக்கொள்ள முடிந்திருந்தால் ஆட்டோவிலேயே மாட்டிக்கொண்டிருப்பாள்.

மறுநாள் விடியலில், டாக்டரம்மா சொன்னதை அவர்கள் எடுத்துச் சொல்ல, கோகுலகிருஷ்ணன் சிரித்தார். கன்னத்தில் புகையிலை உப்பியிருந்தது.

"நான் வாயிலயே போட்டுக்கினு இருக்கறேன். எனக்கு இன்னா ஆச்சு? ஜல்தி எறங்குங்க."

"நீங்க வேணாம்னா துப்பிடுவீங்க மொதலாளி," என்றார் தேவசகாயம். "நாங்க ஒடம்பு பூரா மெல்றோம். எங்க துப்பறது?"

"பேஜாரு பண்ணாத. முடியாதவங்க வூட்டுக்குப் போங்க. ரோஜா, நீ இனிமே வராத."

லூர்துமேரிக்கு ஒரு கணம் நெஞ்சுக்குள் வெல்லம் கரைந்தது. மறு கணம், ஏனென்று தெரியாமலே, போய் வரப்பில் உட்கார்ந்தாள்.

"அவ இல்லாம நானும் எறங்கல. பனி காயட்டும். கைக்கு உறை, மேலுக்குப் பிளாஸ்டிக் கோட்டு, கழுவ சோப்புத் தண்ணி. குடுத்தா ஒடிக்கிறோம்."

ரோஜா திகைத்தாள். "என்னப் பாத்தாலே ஒனக்கு எரியுமேக்கா?"

"இப்பவும் எரியுதுடி. அதுக்காவ, பொறக்கறதுக்கு முந்தியே அது பொகையில போடணுமா?"

தேவசகாயம் உட்கார்ந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் உட்கார்ந்தார்கள். கோகுலகிருஷ்ணன் போனை எடுத்து, வேறு ஆள் அனுப்பச் சொல்லிக் கத்தினார்.

கோலியனூர் ஆட்களோடு வேன் வந்து நின்றது. இறங்கிய பெண்கள் கொல்லையைப் பார்த்தார்கள், வரப்பைப் பார்த்தார்கள்.

"இன்னா பிரச்சன?" என்றாள் முன்னால் வந்தவள்.

லூர்துமேரி நகர்ந்து இடம் விட்டாள்.

"குந்து, சொல்றேன்."