‘அன்புள்ள’ என்று வந்த அஞ்சல்கள்

1

இந்தக் கதை ஸ்பேம் பெட்டியிலிருந்து பொறுக்கி எடுத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம் என்று இதை எழுதுகிறவளுக்குத் தோன்றுகிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். சித்தப்பாவின் ஜன்னல் திரை தைக்கும் கடையில் கணினி முன்னால் உட்காருகிறாள். நான்கு பேர் எதிரே வாய் திறக்கமாட்டாள். பீரோவுக்குப் பின்னால் ஒன்பது நோட்டுகளை ஒளித்து வைத்திருக்கிறாள். இது பத்தாவது.

முதலில் இப்படித் தொடங்கினாள்: மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள்

(மழையே இல்லை. கோடு போட்டு அடித்தாயிற்று.)

2

தினமும் காலையில் கடையின் மின்னஞ்சலைச் சுத்தம் செய்வது அவள் வேலை. பரிசு விழுந்திருக்கிறது, பத்தே நாளில் முடி வளரும், யாரோ ஒரு சீமாட்டி சொத்தை எழுதிவைக்க ஆள் தேடுகிறாள். எல்லாமே ‘அன்புள்ள’ என்றுதான் ஆரம்பிக்கும். நிஜமான வாடிக்கையாளர்கள் அப்படிக் குழையமாட்டார்கள். ‘திரை ரெடியா’, ‘நீளம் பத்தல’. அவ்வளவுதான்.

ஆகவே ஒரு நாள் வடிகட்டியில் ஒரு விதி போட்டாள்: ‘அன்புள்ள’ என்று தொடங்கும் எதுவும் நேரே ஸ்பேமுக்கு. அங்கே முப்பது நாள் கிடந்து தானே அழிந்துவிடும். பெட்டி பளிச்சென்று ஆனது. சித்தப்பா அவளை மூளைக்காரி என்றார்.

[அடிக்குறிப்பு: அந்த விதி போட்ட வாரம்தான் அக்காவோடு பேச்சு நின்றது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று ஏழாவது நோட்டில் இருக்கிறது. நம்ப வேண்டாம்.]

3

அக்கா என்கிற பாத்திரம் சரியாக வரவில்லை. முதல் வரைவில் கல்நெஞ்சக்காரி. நோட்டு ஒன்றைக் கண்டெடுத்து, படித்து, விழுந்து விழுந்து சிரித்தாள். இவள், இனி என்னோடு பேசாதே என்று சொல்லிவிட்டாள். மறுநாள் அக்கா வேலைக்காக வெளியூர் போய்விட்டாள். அவள் போனில் வந்தால் இவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். நான்கு மாதம் இப்படியே. கடைசி ஒரு மாதமாக அக்கா இவளைக் கேட்பதே இல்லை.

அக்கா இவளைத் தலைமுழுகிவிட்டாள் என்று எழுதி, அடிக்கோடிட்டு, அந்தக் கோட்டின் மேல்

4

போன வாரம் சித்தப்பா சிடுசிடுத்தார். “ஏம்மா, அந்த ஹெட்மாஸ்டர் மூணு தடவ ஆர்டர் அனுப்பினாராம். நீ அப்படி என்னத்ததான் பாக்குற?”

ஸ்பேம் பெட்டியைத் திறந்தாள். ‘அன்புள்ள ஐயா’ என்று மூன்று முறை ஹெட்மாஸ்டர். அதற்கெல்லாம் கீழே, இருபத்தொன்பது நாள் பழையதாக, ‘அன்புள்ள குட்டிப்பிசாசுக்கு’.

“போன்ல நீ வரமாட்டே. கடை மெயில நீதான் திறப்பே. இது நாலாவது. இதுக்கும் பதில் இல்லன்னா தொந்தரவு பண்ணமாட்டேன். நான் உன்னப் பாத்துச் சிரிக்கலடி. உன் நோட்டுல சித்தப்பா அளவு டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டே கடை பூரா தேடுறாரே, அதுக்குச் சிரிச்சேன். அச்சு அசல் அவரேதான். பாதியில விட்டுட்டியே, டேப்பு கிடைச்சுதா இல்லியா?”

(முதல் மூன்றும் அழிந்துவிட்டன. அவற்றைக் கற்பனையாக எழுதிப் பார்த்தாள். எல்லாம் இவள் குரலிலேயே வந்தது. கிழித்துவிட்டாள்.)

5

இரண்டு முடிவுகள் கைவசம் இருந்தன. ஒன்றில் அவள் அழுகிறாள். அதை விட்டுவிடலாம். நடந்தது இதுதான்: நான்கு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போனது போல இருந்தது. விதியை நீக்கினாள். அக்காவுக்குப் பதில் எழுதினாள். ஒரு பக்கத்துக்கும் மேல் போயிற்று.

மறுநாள் பெட்டியில் அறுபத்தொரு ‘அன்புள்ள’. ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கினாள். அலுக்கவில்லை. நாற்பத்துமூன்றாவது அக்காவுடையது. அதில் இருந்ததைச் சொல்வதாக இல்லை.

அக்கா கேட்ட முடிவு மட்டும் பாக்கி. இதை எழுதும்போதும் சித்தப்பா பின்னால் துணிக்கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். “டேப்ப எங்கம்மா வெச்சே?”

அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். கழுத்தைப் பார்க்கச் சொல்வதா, இன்னும் கொஞ்சம் தேடவிடுவதா, நீங்களே சொல்லுங்கள்.