பின்னங்காலுக்கு எத்தனை நகம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் தோன்றவில்லை. ஒரு புலியின் இடது பின்னங்காலில் தோன்றியது. அங்கேயே சும்மா கிடந்திருந்தால் எனக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு மிச்சமாகியிருக்கும்.

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

‘மலையுச்சியில் மேகம் கவிந்திருந்த அந்தக் காலையில்...’ (பொய். வெயில் மண்டையைப் பிளந்தது.)

‘உறுமிக்கொண்டு பாய்ந்தது அந்தப் புலி! அதன் கண்களில்...’ (செத்து ஒன்றரை மாதமான புலி. கூடத்து விரிப்பாகப் போவதற்காக எங்கள் வீட்டு... இல்லை, சகாதேவன் வீட்டுக்கு வந்திருந்தது.)

‘சந்திரம்மாள் என்று ஒரு பெண் இருந்தாள்.’ (இது பரவாயில்லை. இருக்கட்டும்.)

2

சந்திரம்மாளுக்குப் பதினாலு வயசு. கோயிலை ஒட்டிய பே கோபுரத் தெருவுக்குப் பின்னால் வீடு. அப்பா சகாதேவன் செத்த மிருகங்களைப் பாடம் பண்ணுகிறவர். அதாவது தோலைப் பதப்படுத்தி, உள்ளே அடைத்துத் தைத்து, பார்க்கிறவர் ஓரடி பின்வாங்கும்படி செய்து தருவார்.

அவள் எட்டாவதோடு நின்றுவிட்டாள். வகுப்பில் பேர் கூப்பிடும்போது ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வாய் வராது. தினமும் போனாள், தினமும் வராதவளாகவே பதிவானாள். வருஷக் கடைசியில் பார்த்தால் அவள் பள்ளிக்கூடத்துக்கே வந்ததில்லை. அப்புறம் எதற்குப் போவானேன்?

(அவள் நான் இல்லை. வயசும் ஒன்றாக இருக்கிறதே என்று குடையாதீர்கள்.)

வீட்டில் அவளுக்கு என்று ஒதுக்கிய வேலை பாதங்கள். அப்பாவின் விரல்கள் தடிமன். பாதத்துக்கு மெலிந்த விரல் வேண்டும். தலையணை உறையைத் திருப்புவதுபோல் ஒவ்வொரு விரலாகத் தோலை உள்வெளியாகத் திருப்ப வேண்டும். எலும்பையும் சதையையும் எடுத்துவிட்டு, நகத்தோடு ஒட்டிய கடைசித் துண்டு எலும்பை மட்டும் விட வேண்டும். அதையும் எடுத்தால் நகம் கையோடு வந்துவிடும். பிறகு உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்தி, மறுபடி வெளிப்பக்கமாகத் திருப்பி, விரல் விரலாகக் காகிதக் கூழ் அடைத்து, உள்ளங்காலைத் தைக்க வேண்டும். ஒரு விரலில் கூழ் ஜாஸ்தியானால் புலிக்கு யானைக்கால் வந்த மாதிரி இருக்கும்.

இப்படித் திருப்பித் திருப்பித்தான் அவளுக்குத் தெரிந்தது: முன்னங்காலுக்கு அஞ்சு விரல், பின்னங்காலுக்கு நாலே நாலு.

3

மூன்று கால் முடிந்தது. நாலாவதுக்கு, அந்த இடது பின்னங்காலுக்கு, காகிதம் இல்லை.

“ஏதாச்சும் பேப்பர் இருந்தா குடும்மா. விரிப்பு கேட்டவரு காலையில வந்துடுவாரு,” என்றார் சகாதேவன்.

அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த நோட்டிலிருந்து சந்திரம்மாள் நாலு தாளைக் கிழித்தாள். ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து இடித்துக் கூழாக்க நேரமில்லை. அப்படியே கசக்கி விரலுக்கு ஒன்றாகத் திணித்துத் தைத்துவிட்டாள்.*

* அந்தத் தாளில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ‘கீழ்பென்னாத்தூர் அப்பாதுரையின் மீசைதான் முதலில் வீட்டுக்குள் வரும். கொஞ்ச நேரம் கழித்து அப்பாதுரை வருவார்.’ இதே தரத்தில் நாலு பக்கம்.

புலியைச் சுட்டவர் அப்பாதுரை. விரிப்பு கேட்டவரும் அவரே.

4

மீசை வந்தது. பிறகு அவர் வந்தார்.

“என்னா சகாதேவா, புலி எந்திரிச்சுடுச்சா?”

“கொஞ்சம் சோம்பலா இருக்குதுங்க.”

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவர், கைத்தடி நுனியால் நகங்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். சிரிப்பு நின்றது.

“பதினெட்டு. ரெண்டு கம்மி.”

“கம்மி இல்லீங்க. பின்னங்காலுக்கு நாலுதாங்க.”

“சுட்டவன் நான். எனக்கே சொல்றியா? உனக்கு அஞ்சு, எனக்கு அஞ்சு. புலிக்கு மட்டும் ஆண்டவன் கஞ்சத்தனம் பண்ணுவானா?”

“கோழிக்கு அஞ்சா குடுத்தான்?” என்று அடுப்படியில் முணுமுணுத்தாள் அம்மா வெள்ளையம்மாள். வெளியே கேட்கவில்லை.

புலிநகத்தைத் தங்கத்தில் கட்டிக் குழந்தை கழுத்தில் போட்டால் பயம் அண்டாது என்பார்கள். அதனால் நகம் காணாமல் போவது இந்த ஊரில் எவரும் நம்பக்கூடிய திருட்டு.

“தேரடியில நின்னு நான் ஒரு வார்த்தை சொன்னேன்னா, நாளைக்கு உன்கிட்ட ஒரு அணிலைக்கூட எவனும் குடுக்க மாட்டான். நகத்தை உள்ள மடிச்சு வெச்சுத் தெச்சிருக்கே. அப்புறமா உருவிக்கலாம்னு.”

சகாதேவன் நிமிர்ந்தார். குற்றமில்லாதவனுக்கு வரும் ஆபத்தான தைரியம் அவருக்கு வந்துவிட்டது.

“கிழிச்சுப் பாருங்க. இந்தாங்க கத்தி. எடது பின்னங்கால்லயே ஆரம்பிங்க.”

(நாலு கால் இருந்தது. அந்த மனுஷருக்கு வேறு கால் கிடைக்கவில்லை.)

5

இங்கேதான் பேனா நின்றுவிட்டது. இரண்டு முடிவு எழுதினேன்.

முதல் முடிவு: சந்திரம்மாள் முன்னே வந்து, ‘ஐயா, அவசரப்பட வேண்டாம். என் தந்தை நேர்மையானவர். இயற்கையின் படைப்பிலே...’ (அடித்துவிட்டேன். ‘உள்ளேன்’ சொல்லாத வாயில் இவ்வளவு செந்தமிழா?)

இரண்டாம் முடிவு: கத்தி இறங்குகிறது. நகம் இல்லை, தாள் வருகிறது. அப்பாதுரை பிரித்துப் படிக்கிறார். நகத்தில் ஜெயித்த சகாதேவன் மீசையில் தோற்கிறார். (அவருக்குக் கண்ணாடியில்லாமல் படிக்க வராது என்று எழுதித் தப்பிக்கப் பார்த்தேன். ஆனால் சட்டைப் பையில் கண்ணாடி இருந்ததை நானே பார்த்தேன். சரி, சந்திரம்மாள் பார்த்தாள்.)

6

இது வரைக்கும் நடந்தது இதுதான். அப்பாதுரை கத்தியை வாங்கி அந்தக் காலின் தையல்மேல் வைத்தார்.

அடுப்படியில் படுத்திருந்த பூனையைச் சந்திரம்மாள் அள்ளினாள். வெளியே வந்தாள். அப்பாதுரையின் மடியில் அதை வைத்தாள். பூனை தன் முன்னங்கால் நகம் பத்தையும் அவர் வேட்டியில் ஊன்றித் தானே கணக்குக் கொடுத்தது.

“ஏய்! எடு, எடு இத!”

அவள் எடுக்கவில்லை. அதன் பின்னங்காலைப் பிடித்து மெல்ல அழுத்தினாள். நகங்கள் வெளியே வந்தன.

“ஒண்ணு,” என்றாள். எண்ணெய் போடாத கதவு மாதிரி இருந்தது குரல். சகாதேவன் மகளைத் திரும்பிப் பார்த்தார். “ரெண்டு.” வெள்ளையம்மாள் கரண்டியோடு வாசற்படிக்கு வந்துவிட்டாள். “மூணு. நாலு.”

அதோடு கால் முடிந்துவிட்டது.

அப்பாதுரை பூனையைப் பார்த்தார், புலியைப் பார்த்தார். கத்திமுனை இன்னும் அந்தத் தையல்மேல்தான் இருந்தது.

“வேகமா எண்ணுற நீ,” என்றார். “இன்னொரு தரம் எண்ணு.”

பூனையின் காலை மறுபடி அழுத்தினாள்; ‘ஒண்ணு’ மட்டும் பழைய ‘உள்ளேன் ஐயா’ மாதிரியே அவளுக்கு வரவில்லை. எனக்கும்தான். அதனால் உங்களிடம் கேட்கிறேன். வீட்டில் பூனை இருந்தால் பிடியுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பூனை. பின்னங்கால், ஞாபகம் இருக்கட்டும். அவசரத்தில் முன்னங்காலை எண்ணிவிட்டால் அப்பாதுரை உங்களையே சாட்சிக்குக் கூப்பிடுவார். நீங்கள் எண்ணி முடிக்கும்வரை கத்தி இப்படியேதான் இருக்கும்.

மெதுவாக எண்ணினாலும் பரவாயில்லை, சத்தமாக எண்ணுங்கள். அவளும் கூடவே சொல்லிவிடுவாள்.