கோப்பையை உடைத்தது யார்?

தங்கப்பாண்டி சாருக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி முதல் பரீட்சை அளவுதான். அதிலும் ஒருமுறை கோட்டைவிட்டுத்தான் தேறினார். ஆனால் மாட்டுத்தாவணி பக்கம் ஒரு மாடியில் அவர் நடத்திய வகுப்பில், ஜப்பான்காரர்கள் வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல 'சென்செய்' என்று கூப்பிடாதவர்களை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். ஜப்பானை அவர் பார்த்தது செல்போனில் மட்டும்.

ஆர்த்திகா நர்சிங் முடித்தவள். ஜப்பானில் முதியோர் இல்ல வேலைக்குப் போகவேண்டுமென்று கொட்டாம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து படித்தாள். ஒருநாள் அவள் சந்தேகம் கேட்டாள். கோப்பை உடைந்தது என்பதற்கு 'கொப்பு கா வரெமஷ்தா', கோப்பையை உடைத்தேன் என்பதற்கு 'கொப்பு ஓ வரிமஷ்தா' என்று புத்தகத்தில் இருக்கிறதே, எதை எப்போது சொல்வது?

சாருக்குத் தெரியாது. எப்படியும் கோப்பை போச்சு, யார் உடைத்தால் என்ன, கொட்டாம்பட்டியில் இதையெல்லாமா யோசிக்கிறார்கள் என்று சிரித்தார். வகுப்பும் சிரித்தது.

திரும்பும் பஸ்ஸில் ஆர்த்திகா தமிழிலேயே சொல்லிப் பார்த்தாள். சுவர் இடிஞ்சுச்சு, சுவரை இடிச்சேன். விளக்கு அணைஞ்சுச்சு, விளக்கை அணைச்சேன். 'ஐ' வந்தால் அதைச் செய்த ஆள் ஒருத்தர் இருக்கிறார். ஜப்பானிய 'ஓ' இந்த 'ஐ' மாதிரிதான். இம்புட்டுதான் விஷயம், இதைச் சொல்ல இந்த மனுசனுக்கு வக்கில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு முதியோர் இல்லம் வீடியோவில் நேர்காணல் வைத்தது. வரிசையில் முதல் ஆளாகச் சார் உட்கார்ந்திருந்தார். அதே வேலைக்கு அவரும் மனுப் போட்டிருந்தது அன்றுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

பாத்திரம் கழுவும்போது உங்கள் கை தவறி ஒரு கோப்பை போய்விட்டால் எங்களிடம் வந்து என்ன சொல்வீர்கள் என்று திரையிலிருந்த அம்மாள் கேட்டார். சார் நெஞ்சை நிமிர்த்தி, கோப்பை உடைந்தது என்றார். யாரால் என்று அந்த அம்மாள் கேட்டார். கோப்பை உடைந்தது என்று சார் இன்னும் சத்தமாகச் சொன்னார், என்னமோ அது தானாக நடந்துபோய் விழுந்த மாதிரி.

ஆர்த்திகாவின் முறை வந்தது. "கொப்பு ஓ வரிமஷ்தா. சுமிமசென்," என்றாள். கோப்பையை உடைத்துவிட்டேன், மன்னியுங்கள். அந்த அம்மாள் தலையசைத்துவிட்டு அவளிடம் மேற்கொண்டு பேச ஆரம்பித்தார்.

அவளை எடுத்தார்கள். சாரை எடுக்கவில்லை.

அடுத்த வாரமே கொட்டாம்பட்டி பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் ஒன்று முளைத்தது. ஆர்த்திகா சின்னதாக, பக்கத்தில் கோட்டு போட்ட தங்கப்பாண்டி ஆளுயரத்துக்கு. அவள் அம்மா மலையம்மாள் அதைப் பார்த்துவிட்டு வந்து, உன்கூட நிக்கிறது யாரு என்று கேட்டாள்.

"இன்டர்வியூவுல எனக்கு முன்னாடி உக்காந்திருந்தாரும்மா," என்றாள் ஆர்த்திகா. "பாவம், அவருக்கு வேலை கிடைக்கல."