ஆறு பெண்களும் ஒரு முதலையும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஓர் அலறலாகத்தான் கிடைத்தது. சின்ன வயதில் திருத்துறைப்பூண்டி டூரிங் கொட்டகையில், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து ஒரு ராட்சத முதலைப் படம் பார்த்தேன். ஏதோ ஒரு நாட்டில், திறந்தவெளியில் காரை நிறுத்தி, காருக்குள் இருந்தபடியே பார்ப்பவர்களுக்காக மலிவாக எடுத்த படம். அதைத் தமிழ் பேசவைத்து எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். முதலையின் வயிற்றில் தையல் தெரிந்தது. ஆனாலும் அது வாயைத் திறந்ததும் ஒரு பெண் அலறினாள் பாருங்கள், கொட்டகையே எழுந்து நின்றுவிட்டது.

அந்தக் குரலுக்கு உரியவரை இருபது வருடம் கழித்து அதே ஊரில் கண்டுபிடித்தேன். பெயர் மரியபுஷ்பம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘கோடம்பாக்கத்தின் இருட்டறைகளில் தன் இளமையைத் தொலைத்த அந்தப் பெண்…’

(அடித்துவிட்டேன். படித்துக் காட்டியபோது, “நான் எதையும் தொலைக்கலையே தம்பி. அந்த ரூம்ல ஏசி இருந்துச்சு” என்றார்.)

ஆகவே நேராகவே சொல்கிறேன். கோயில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த மரியபுஷ்பம், கல்யாணமாகிச் சென்னைக்குப் போனார். அங்கே ஒன்பது வருடம் வேற்றுமொழிப் படங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்தார். வசனத்துக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். அலறல் என்றால் அவர்தான். கணவர் இறந்தபின் ஏழு வயது மகள் பிரின்ஸியோடு ஊர் திரும்பினார். இந்த வேலையைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாது.

3

(இங்கே ஒரு சின்னக் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இந்த மாதிரிப் படங்கள் ஏன் பிடிக்கின்றன? உயர்ந்த படம் என்றால் நாமும் கொஞ்சம் உயர்ந்தவர்களாக நடிக்க வேண்டியிருக்கிறது. முதலைப் படத்தில் அந்தத் தொல்லை கிடையாது. போஸ்டரில் முதலை என்று போட்டால் உள்ளே முதலை இருக்கும். முன்பின் தெரியாத முந்நூறு பேரோடு சேர்ந்து வாய்விட்டுக் கத்தலாம். வெளியே வரும்போது உடம்பு லேசாகியிருக்கும்.

மரியபுஷ்பத்திடம் இதைச் சொன்னேன். “முதலை ரப்பர் தம்பி. அதால பயமுறுத்த முடியாது. அதனால பயம் பூரா நான்தான் குடுக்கணும்” என்றார். என் கட்டுரையைவிட இது மேல்.

4

1996. ஊரில் பாதிப் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போயிருந்தார்கள், வீடுகளுக்குக் கேபிள் வந்திருந்தது. பிரின்ஸிக்கு மஸ்கட்டில் மெக்கானிக்காக இருந்த ஜெரால்டைப் பேசினார்கள். அவனுடைய அப்பா ஜெக்கரியா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மனைவியோடு பெண் பார்க்க வந்தார்.

“அம்மா, அந்தக் கத்துற வேலையைப் பத்தி மட்டும் சொல்லிடாதம்மா” என்று பிரின்ஸி காலையிலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். மரியபுஷ்பமும் சரி என்றிருந்தார்.

காபி குடித்தபடி ஜெக்கரியா செய்தி போடச் சொன்னார். பிரின்ஸி டிவியைப் போட்டாள். உள்ளூர்க் கேபிளில் முதலைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. சரியாக அந்த நேரத்தில் ஒருத்தி அலறினாள்.

மரியபுஷ்பம் பலகாரத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். தன் குரல் தனக்குத் தெரியாதா? பதினாறு வருடம் கழித்தும் பிசிறில்லாமல் இருந்தது. மனதுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இரண்டாவது பெண்ணும் அலறினாள்.

“எவளோ ஒருத்தி, கூச்சநாச்சமில்லாம கத்துறா பாருங்க” என்றார் ஜெக்கரியா. “மானமுள்ள குடும்பத்துப் பொண்ணு இப்படிக் கத்துவாளா? அதை நிறுத்தும்மா.”

[இந்த இடத்தில் நான் ஒன்று எழுதியிருந்தேன்: குரலை அடையாளம் கண்டுகொண்ட ஜெக்கரியா, தானும் அந்தக் காலத்தில் அந்தப் படத்தை ஏழு முறை பார்த்ததாகச் சொல்லிக் கைகூப்ப— மரியபுஷ்பம் குறுக்கிட்டார். “அவர் அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லலை.” எடுத்துவிட்டேன்.]

5

நடந்தது இதுதான். மரியபுஷ்பம் மகளை ஒருமுறை பார்த்தார். மகளின் கண்கள் கெஞ்சின. வாக்குக் கொடுத்ததும் ஞாபகம் இருந்தது. ஆனாலும் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“எவளோ இல்லீங்க சார். நான்தான்.”

டிவியைக் கையால் காட்டினார்.

“இதுல ஆறு பொண்ணுங்க சாவுறாங்க. ஆறு பேரும் நான்தான். ஒருத்தி மாதிரி ஒருத்தி கத்த மாட்டா. முதல் பொண்ணு முதலையைப் பார்த்துட்டுக் கத்துறா. அடுத்தவ அதைப் பார்க்கவே இல்லை, தண்ணி அசையிறதைப் பார்த்துட்டுக் கத்துறா. அந்த வித்தியாசம் தெரியணும்னு ஒரு நாள் முழுக்க மைக் முன்னால நின்னேன். உக்காருங்க சார். இன்னும் நாலு பேர் இருக்காங்க.”

ஜெக்கரியா எழுந்துவிட்டார். எழுந்தவர் வாசலுக்கும் போகாமல் உட்காரவும் இல்லாமல் நின்றார். அவர் மனைவி மட்டும் நாற்காலியை டிவி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிரின்ஸி டிவியை நோக்கிப் போனாள். நிறுத்தப்போகிறாள் என்றுதான் மரியபுஷ்பம் நினைத்தார். அவள் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

6

“கல்யாணம் நடந்துச்சாம்மா?” என்று கேட்டேன். இரண்டு முடிவுகள் தயாராக வைத்திருந்தேன்.

“அதை எழுதாதீங்க தம்பி” என்றார். “நடந்துச்சுன்னு எழுதினா, நான் சொன்னது நல்லதாப் போச்சுன்னு படிக்கிறவங்க நினைப்பாங்க. நடக்கலைன்னு எழுதினா, வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமேம்பாங்க. எது ஆனாலும் நான் சொல்லித்தான் இருப்பேன். அதோட நிறுத்துங்க.”

நிறுத்திவிட்டேன்.