பிரவின்ராஜுக்கு யார் சொன்னது?

விஜிதாவின் முதல் கணவன் மாரிச்செல்வம் ராணுவத்தில் லாரி ஓட்டினான். எல்லையில் குண்டு விழுந்து இறந்துபோனான். சில வருஷம் கழித்து, சங்கரன்கோவிலில் விசைத்தறி செட் வைத்திருந்த பிரவின்ராஜ் அவளைப் பெண் கேட்டு வந்தான். கல்யாணம் முடிந்ததோடு, புளியங்குடியிலிருந்த மாரிச்செல்வத்தின் அம்மா சுப்புத்தாய் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பிரவின்ராஜ் நல்லவன்தான். ஆனால் அவள் சொல்லாததெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

தென்காசி பஸ்ஸில் ஏறியதும் ஒரு எலுமிச்சம்பழத்தை அவள் கையில் வைத்தான். பஸ்ஸில் தனக்குக் குமட்டும் என்று அவள் சொன்னதே இல்லை. காய்ச்சலில் கிடந்தபோது அவள் கேட்காமலே, அவளுக்குப் பிடித்த கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டுவந்தான்.

“யார் சொன்னா?”

“தோணிச்சு,” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மாரிச்செல்வம் இறந்த தேதியில் அவளால் யாரிடமும் பேச முடியாது. அன்று காலை பிரவின்ராஜ் அவளை எழுப்பாமல், தானே சோறு பொங்கி எடுத்துக்கொண்டு செட்டுக்குப் போயிருந்தான். இதையும் அவள் சொன்னதில்லை. தன் போனை நோண்டுகிறானோ என்று அதன் பூட்டை மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் டிவியில் பழைய வெளிநாட்டுப் படம் ஒன்று போட்டான். கறுப்பு வெள்ளைப் படம், தமிழில் பேசினார்கள். போர்க்கப்பலோடு மூழ்கி இறந்த மாலுமியை ஒரு தேவதை பூமிக்குத் திருப்பி அனுப்புகிறது. அவன் தன் காதலியைக் கட்டப்போகிறவனின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவளுக்கு எது பிடிக்கும், எதற்குப் பயப்படுவாள் என்று காதில் ஓதுகிறான். பிரவின்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். விஜிதா புருஷனின் முதுகுக்குப் பின்னாலிருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தப் படத்த எதுக்குப் போட்டீங்க?”

“சும்மாதான். ஏன், பிடிக்கலையா?”

மறுநாள் சாப்பாடு எடுத்துக்கொண்டு செட்டுக்குப் போனாள். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் காதில் விழாது. அவன் கடைசித் தறிக்கு அந்தப் பக்கம், சுவரைப் பார்த்து நின்று வாயசைத்துக்கொண்டிருந்தான். எதிரே யாரும் இல்லை.

திடீரென்று கரண்ட் போனது. எல்லாத் தறியும் நின்றுவிட, அவன் குரல் மட்டும் செட் முழுக்கக் கேட்டது.

“நேத்துலருந்து முகங்குடுத்துப் பேச மாட்டேங்காம்மா. கோவம் வந்தா ஒங்க மவன் என்ன செய்வாரு?”

அப்போதுதான் அவன் காதிலிருந்து ஒயர் தொங்குவதையும், அதன் மைக்கை அவன் வாயோடு ஒட்டிப் பிடித்திருப்பதையும் பார்த்தாள்.

“போன்ல யாரு?”

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். “சுப்புத்தாயம்மா.”

“எத்தன நாளா நடக்கு இது?”

“கல்யாணத்துக்கு முன்னாடியே. நான்தான் தேடிப்போய்க் கேட்டேன். ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.”

“என்னப் பத்தி என்கிட்ட கேக்கத் தெரியாதா? செத்தவரு வந்து ஒங்களுக்குச் சொல்லுதாருன்னு நான் பயந்து சாகுதேன்!”

அவன் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போனை நீட்டினான்.

“அத்த,” என்றாள் விஜிதா. “ஏன் என்கிட்ட பேசல?”

“எப்படிட்டி பேச? ஒன் குரலக் கேட்டா அவன் பக்கத்துல நிக்குத மாதிரி இருக்கும். அப்புறம் ரெண்டு நாளைக்கு எந்திரிக்க மாட்டேன்.” சுப்புத்தாய் அழுதாள். “ஒம்மேல கோவம்லாம் இல்ல மக்கா. நீ நல்லா இருக்கியான்னு தெரியணும்லா.”

கரண்ட் வந்து தறிகள் ஓடத் தொடங்கின. விஜிதா போனோடு தெருவுக்கு ஓடிவந்து, வெயிலில் நின்றே பேசினாள், அழுதாள்.

வெள்ளிக்கிழமை இருவரும் புளியங்குடிக்குக் கிளம்பினார்கள். பஸ் கிளம்பியதும் விஜிதா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“வேற என்னெல்லாம் கேட்டீங்க அத்தகிட்ட?”

“அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கல.”

அவன் சிரித்தான். அவள் நம்பவில்லை.