சரித்திரச் சுற்றுலாவில் ஒரு கண்டக்டர்

என் வீட்டுக்காரர் டவுன் பஸ் கண்டக்டர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எந்த பஸ்ஸிலும் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. அவருடைய பஸ் என்றால் நான் சீட்டில், அவர் படிக்கட்டில். வேறு பஸ்ஸில் போனாலும் அந்தக் கண்டக்டருக்குத் துணையாக நின்றுகொண்டே வருவார்.

அதனால்தான் இந்த லீவுக்குப் பெரிய நகரத்துக்கு இழுத்துவந்து, சரித்திரச் சுற்றுலா பஸ்ஸில் இடம் பிடித்தேன். கோட்டை, அரண்மனை எல்லாம் சாக்கு. அவர் ஜன்னலோரம், நான் பக்கத்தில். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"சத்தியமா உக்காருறேன்" என்று சொல்லியிருந்தார்.

உட்காரவும் செய்தார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அதற்குள் பஸ்ஸுக்குள் நடைவழியில் நின்று பையைத் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அவர் கண்ணில் பட்டுத் தொலைத்தார்.

"நடுவுல நிக்காதீங்க. உள்ள போங்க, உள்ள போங்க."

எழுந்தவர் எழுந்தவர்தான். மணிக்கூண்டில், கையில் கொடியோடு வந்த கைடு பெண், ராஜா கதையை முடிப்பதற்குள் எல்லாரையும் வரிசையாக ஏற்றிவிட்டார். அருங்காட்சியகத்தில் தலை எண்ணும் வேலையையும் அவள் இவரிடமே கொடுத்துவிட்டாள். எண்ணி முடித்ததும் படிக்கட்டில் நின்று பஸ்ஸின் உடம்பில் டம் டம் என்று இரண்டு தட்டு, ஒரு "ரைட்". டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுப்பார். என் பக்கத்து சீட்டில் என் கைப்பை சொகுசாக வந்தது.

கோட்டையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. தேடிக்கொண்டு வரட்டும் என்று பீரங்கிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் கீழே டம் டம் கேட்டது. எட்டிப் பார்த்தால் பஸ் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே என் கைப்பை, அதற்குள் என் போன்.

பஸ் திரும்பி வந்ததும் முதல் ஆளாகக் குதித்து மேலே ஓடி வந்தார்.

"தலை எண்ணினேனே. சரியாத்தான இருந்துச்சு."

"என்னை எண்ணினீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "காலையிலேருந்தே நம்ம ரெண்டு பேரையும் விட்டுட்டுத்தான் எண்ணுறேன். நாம என்ன பாசஞ்சரா?"

அந்த மனுஷனை என்ன செய்வது? பீரங்கியில் மருந்து இல்லாமல் போனது அவர் நல்ல நேரம்.

"இன்னிக்கு நான் பாசஞ்சர்தாங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது. "நீங்களும் பாசஞ்சர்தான். ஒரே ஒரு நாள் என் பக்கத்துல உக்காந்து வாங்க. அதுக்குத்தான் இந்த வெயில்ல கோட்டை கோட்டையா அலையறேன்."

அவர் என்னோடு கீழே இறங்கி வந்தார். பஸ்ஸில் ஏறி, கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு, ஜன்னலோரமாக உட்கார்ந்தார். முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அடுத்த தெரு திரும்புவதற்குள் பிடி தளர்ந்து, தலை என் தோளில் சாய்ந்தது. ஓடும் பஸ்ஸில் இவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

அரண்மனை வந்தது. எல்லாரும் இறங்கினார்கள்.

"மேடம், ராணியோட கண்ணாடி மண்டபம். இதுக்காகத்தான் எல்லாரும் வருவாங்க" என்றாள் கைடு.

"நீங்க பாத்துட்டு வாங்கம்மா" என்றேன். தோளை அசைக்கவில்லை.

டிரைவரும் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு கண்ணயர்ந்தார். பஸ்ஸில் ஒரு சத்தம் இல்லை. அப்போது என் வீட்டுக்காரரின் கை தூக்கத்திலேயே எழுந்து ஜன்னலுக்குக் கீழே டம் டம் என்று தட்டியது.

"ரைட்" என்று முனகினார்.

டிரைவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, காலையிலிருந்து பழகியபடி திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டார். பின்னால் கைடு கொடியை ஆட்டிக்கொண்டு ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தது.

அவ்வளவு பெரிய பஸ்ஸில் டிரைவரைத் தவிர நாங்கள் இரண்டே பேர், ஒரே சீட்டில். நானா வாயைத் திறப்பேன்? அடுத்த சிக்னல் வரைக்குமாவது போகட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.