மாப்பிள்ளை காலைப் பிடித்த மாமனார்

தன் நாசி கண்டார் சோற்றுக்கடையின் இறால் சம்பாலுக்கு ஈடாக ஜார்ஜ்டவுனில் வேறொன்று இல்லை என்பது ஷேக் அலாவுதீனின் உறுதியான நம்பிக்கை. அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று அவர் மகள் ஹன்னாவுக்கு நிக்காஹ். ஜும்மா முடிந்து, மாப்பிள்ளை ஹைதர் மண்டபச் சாவியைக் கொடுக்கக் கடைக்கு வந்தான். வந்தவனைச் சும்மா அனுப்ப அலாவுதீனுக்கு மனம் வருமா? உட்கார வைத்து, அவரே கரண்டியைப் பிடித்து, பெரிய இறால்களாகப் பொறுக்கி அவன் தட்டில் குவித்தார்.

"வேணாம் மாமா, சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்."

"சாப்பிட்டா என்னப்பா? இது சாப்பாடா, இறால்லா!"

ஹைதர் தட்டைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்தான். பிஸ்மி சொல்லிவிட்டு ஒரு இறாலை வாயில் போட்டான். அலாவுதீன் நகராமல் நின்றதால் இரண்டாவதையும் போட்டான். பையன் கூச்ச சுபாவம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஹைதரின் உதடு தடித்தது. கண்கள் சிறுத்தன.

"காரமோ?" என்று அலாவுதீன் பெருமையோடு கேட்டார்.

பதிலுக்கு விசில் அடிப்பது போல ஒரு சத்தம் வந்தது. அது அவன் மூச்சிலிருந்து வருகிறது என்று புரிந்ததும் அலாவுதீன் கரண்டியைக் கீழே போட்டார். அடுத்த நொடி அவனைக் கரேத்தாவின் பின்சீட்டில் தள்ளி, வண்டியை ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். அவசரப் பிரிவு வாசலில் இறங்கியவர், கல்யாண வீட்டில் பந்தியைக் கூப்பிடுகிற குரலில், "யாராச்சும் வாங்களேன்!" என்று கத்தினார்.

வந்தது தாதி சந்திரிகா. நாற்பது வயதிருக்கும். அவர் ஓடவில்லை, ஆனால் அலாவுதீன் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஹைதர் கட்டிலில் இருந்தான், டாக்டர் பக்கத்தில் நின்றார்.

"என்னண்ணே சாப்பிட்டார்?"

"என் கடை சம்பால் மிஸ்ஸி. சுத்தமான சாப்பாடு! இத்தன வருஷத்துல ஒரு கம்ப்ளைன் கிடையாது!"

"கடையப் பத்திக் கேக்கலண்ணே. சம்பால்ல என்ன?"

"இறாலு."

சந்திரிகா குனிந்தார். "தம்பி, பேச வேணாம். தலைய மட்டும் ஆட்டுங்க. இறால் ஆகாதுன்னு முன்னாடியே தெரியுமா?"

ஹைதர் ஆமாம் என்று தலையாட்டினான்.

"தெரிஞ்சா தின்னே?" என்று அலாவுதீன் அலறினார்.

டாக்டர் சொன்னபடி ஊசி தொடையில் இறங்கியது. முகத்தில் ஆக்சிஜன் மூடி ஏறியது. ஹைதர் பயந்துபோய் மூடியைப் பிய்த்தெறியப் பார்த்தான். சந்திரிகா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னப் பாருங்க தம்பி. மருந்து உள்ள போயிருச்சு. இப்ப அது வேலைய பாக்கும். அதுவரைக்கும் நான் எங்கேயும் போகல." சீக்கிரம் பஸ் வந்துவிடும் என்று சொல்வது போலத்தான் சொன்னார். ஹைதரின் கை தளர்ந்தது.

அலாவுதீன் அப்படி இல்லை. டாக்டருக்கும் கட்டிலுக்கும் நடுவே புகுந்தார். சலைன் கம்பத்தில் இடித்துக்கொண்டார். போனை எடுத்து ஹைதரின் தகப்பனார் அப்துல் அஜீஸிடம், "சம்பந்தி, கல்யாணம் போச்சு! ஆஸ்பத்திரிக்கு ஓடி வாங்க!" என்று மட்டும் கத்திவிட்டு வைத்தார்.

"அண்ணே," என்றார் சந்திரிகா, குரலை உயர்த்தாமல். "போன பையில போடுங்க. தம்பிக்குப் பிரஷர் இறங்கியிருக்கு. ரெண்டு காலையும் தூக்கிப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

வேலை கிடைத்ததும் அலாவுதீன் அடங்கினார். கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, ஹைதரின் இரண்டு பாதங்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண்ணீர் தாடியில் வழிந்தது.

காவலாளியைத் தள்ளிக்கொண்டு அப்துல் அஜீஸ் உள்ளே வந்தபோது கண்டது இந்தக் காட்சியைத்தான்.

"சம்பந்தி! என்ன கோலம் இது? எந்திரிங்கலா!" என்று பதறியவர், மகன் பக்கம் திரும்பினார். "டேய்! கல்யாணம் வேணாம்னியா? பெரிய மனுஷர் உன் காலப் பிடிச்சு அழுறாரு, நீ மூஞ்சிய உப்புனு வச்சுக்கிட்டுப் படுத்திருக்கே?"

"ம்ம்! ம்ம்ம்!" என்றான் ஹைதர், மூடிக்குள்ளிருந்து.

"நான் விட மாட்டேன் சம்பந்தி!" என்று விம்மினார் அலாவுதீன். "மிஸ்ஸி சொல்லாம இந்தக் கால விட மாட்டேன்!"

அப்துல் அஜீஸும் அழ ஆரம்பித்தார். சந்திரிகா அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கண்ணே. உங்க மவன் யாரையும் வேணாம்னு சொல்லல. இறால் ஒத்துக்கல, அதான் மூஞ்சி வீங்கியிருக்கு. இப்ப மூச்சு நல்லா வருது, கேளுங்க."

மூவரும் கேட்டார்கள். விசில் சத்தம் அடங்கியிருந்தது.

சற்று நேரத்தில் பிரஷரும் ஏறியது. காலை விடலாம் என்றார் சந்திரிகா. அலாவுதீன் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டபோதுதான் கட்டிலுக்கடியில் தடித்த மெத்தைத் துண்டு ஒன்று அவர் கண்ணில் பட்டது.

"மிஸ்ஸி, கால வைக்கத்தான் அது?"

"ஆமாண்ணே. கால வைக்க அது இருந்துச்சு. உங்கள வைக்கத்தான் இடமில்ல."

அலாவுதீனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. "என் கையாலயே கொன்னுருப்பேனே மிஸ்ஸி."

சந்திரிகா அவரைப் பக்கத்துக் கட்டிலில் உட்கார்த்தி, தண்ணீர் கொடுத்து, கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார். "ஆசையா வச்சீங்க. மூச்சு முட்டுதுன்னதும் தாமதிக்காம தூக்கிட்டு ஓடியாந்ததும் நீங்கதான். அதையும் சேத்து நெனச்சுக்குங்க." பிறகு அளவைப் பார்த்தார். "இப்ப உங்களுக்குத்தான் எகிறியிருக்கு. படுங்க."

ஆக, மாமனாரும் மருமகனும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தார்கள். மூடியைக் கழற்றியதும் அலாவுதீன் மெல்லக் கேட்டார்: "ஏம்ப்பா சொல்லல?"

"பொண்ணு பாக்க வந்தப்ப சொன்னீங்களே மாமா, இறால் சாப்பிடாதவன நம்பக் கூடாதுன்னு."

எல்லாரிடமும் சொல்வதுதான் அது. அவருக்கு வெட்கமாகிவிட்டது. "ஹன்னாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்ககிட்ட அவளே கல்யாணம் முடிஞ்சு பக்குவமா சொல்றேன்னா."

"வேற என்ன ஆகாது? இப்பவே சொல்லிரு."

"நண்டு." கொஞ்சம் யோசித்தான். "அப்புறம் மாமா... உங்க கடையில ஆத்துற தே தாரிக் ரொம்ப இனிப்பு."

அலாவுதீன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கையில் மாட்டியிருந்த இயந்திரம் கீச்சென்றது. "அண்ணே, படுங்க. தம்பி, மத்ததெல்லாம் கல்யாணத்துக்கப்புறம்," என்றபடி சந்திரிகா அடுத்த நோயாளியிடம் போனார்.

ஓர் இரவு கவனித்துவிட்டு ஹைதரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஞாயிறன்று நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. படங்களில் மாப்பிள்ளையின் இடது கண் மட்டும் கொஞ்சம் சிறியதாக இருந்தது. அவற்றில் ஒன்றைத்தான் ஹன்னா பெரிதாக்கிச் சுவரில் மாட்டினாள்.